பக்கத்து வீட்டுத் தண்ணீர்

காலை மணி ஆறரை. தோளில் துண்டும் கையில் ஒரு துணிப்பையுமாக மனைவி கேட்டைத் திறந்துகொண்டு பக்கத்து வீட்டுக்குப் போவதை, ஸ்டோர்காரர் மோட்டார் அறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். சொந்த வீட்டில் ஒன்பது மீட்டர் நீளத்துக்கு ஒரு நீச்சல் குளம் இருக்கிறது. அந்தத் துண்டு போவதோ அடுத்த வீட்டுக் குளத்துக்கு. ஒரு மனிதன் இதை எத்தனை நாளைக்குத்தான் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பான்?

"அடுப்புல பால் இருக்கு, பொங்கிடாம பார்த்துக்குங்க," என்று கேட்டுக்கு வெளியிலிருந்து குரல் வந்தது.

ஸ்டோர்காரர் பாலைப் பார்க்கவில்லை. பிரஷர் மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். முள் சரியாக நிற்க வேண்டிய இடத்தில்தான் நின்றது. மோட்டார் சிங்கம் மாதிரி உறுமிக்கொண்டிருந்தது. ஆனால் வெளியே வந்து தன் குளத்தில் தண்ணீர் வந்து விழுகிற வாயில் கையை வைத்துப் பார்த்தால், தண்ணீர் வந்தும் வராததுமாக விரலைத் தடவிக்கொண்டு போனது. இவ்வளவு சத்தம் போட்டு இவ்வளவு குறைவாக வேலை செய்கிற ஒரு சாமானை அவர் தன் உத்தியோகத்தில் பார்த்ததே இல்லை. மேலதிகாரிகளில் சிலரைப் பார்த்திருக்கிறார், அது வேறு விஷயம்.

ஸ்டோர்காரர் என்பது தெரு வைத்த பெயர். முப்பத்து மூன்று வருடம் ஒரு பஸ் பணிமனையின் சாமான் கிடங்கைக் கட்டி ஆண்டவர். நட்டு, போல்ட், வாஷர், வால்வு என்று பதினோராயிரம் சாமான்களின் எண்களும் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். கண்ணைக் கட்டிவிட்டு ஒரு வாஷரைக் கையில் கொடுத்தால், அது எந்த அலமாரியில் எந்தத் தட்டில் இருக்க வேண்டியது என்று சொல்லிவிடுவார். என்ன ஒன்று, அத்தனை வருடத்தில் அவர் எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்திருக்கிறாரே தவிர, ஒரு நட்டைக்கூட முடுக்கியதில்லை. அதை யாராவது நினைவுபடுத்தினால் அவருக்குப் பிடிக்காது. மனைவி அடிக்கடி நினைவுபடுத்துவாள்.

மகள் வாங்கிப் போட்ட வீடு இது. அவள் வேறு ஊரில் வேலையாக இருக்கிறாள். அடுத்தடுத்து இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இரண்டு வீடுகள். ஒரே வரைபடத்தைக் கண்ணாடியில் பார்த்தது போல் இடம் வலம் மாற்றிக் கட்டியவை. நடுவில் ஒரு மதில். மதிலின் பின்கோடியில் இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரு மோட்டார் அறை, குறுக்கே ஒரு சுவர், பக்கத்துக்கு ஒரு கதவு. இந்தப் பக்கம் இவருடைய மோட்டாரும் வடிகட்டியும், அந்தப் பக்கம் அவர்களுடையவை. குளத்துத் தண்ணீரை இழுத்து, மணலில் வடிகட்டி, குளத்துக்கே திருப்பி அனுப்புவது இவற்றின் வேலை. இரண்டு மோட்டாருக்கும் வீடு கட்டியவர்களே டைமர் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். காலை ஆறு மணிக்கு இரண்டும் ஒன்றாக ஓடத் தொடங்கும், பத்து மணிக்கு ஒன்றாக நிற்கும்.

அந்த வரைபடத்தை ஸ்டோர்காரர் பிளாஸ்டிக் உறை போட்டு மோட்டார் அறைச் சுவரில் மாட்டியிருந்தார். சுவருக்குள் நுழைந்து மண்ணுக்குள் போகிற ஒவ்வொரு குழாயின் மேலும் 'எங்கள் குளம்' என்று தன் கையால் எழுதிய சீட்டு ஒட்டியிருந்தார். வெள்ளிக்கிழமை தவறாமல் தண்ணீரை எதிர்ப்பக்கமாகத் திருப்பி விட்டு வடிகட்டியின் மணலைக் கழுவுவார். கழுவின தேதியை நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுவார். நாலு வருடத்தில் ஒரு வெள்ளிக்கிழமைகூட விட்டதில்லை. அப்படியும் அவருடைய குளம் பால் கொட்டிக் கலக்கினது போல்தான் கிடந்தது.

பக்கத்து வீட்டில் இருப்பவர் பல் டாக்டர். நல்ல மனிதர், சோம்பேறி. மோட்டார் அறைக் கதவை அவர் திறந்து பார்த்தே வருடங்கள் ஆகியிருக்கும். மணலைக் கழுவ வேண்டும் என்பதே ஸ்டோர்காரர் சொல்லித்தான் அவருக்குத் தெரியும். தெரிந்தும் கழுவவில்லை. அவருடைய குளமோ, அடியில் கிடக்கிற ஊக்கை எடுத்து நூல் கோர்க்கலாம் போல அப்படி ஒரு தெளிவு.

"எப்படி டாக்டர்?" என்று ஒருமுறை மதில்மேல் எட்டிக் கேட்டே விட்டார்.

"அது என் கைராசி சார்," என்றார் டாக்டர், வாயெல்லாம் பல்லாக. "நான் எதையுமே தொடறதில்லை."

இதெல்லாம்கூட ஸ்டோர்காரர் பொறுத்துக்கொண்டார். ஆறு மாதத்துக்கு முன் மனைவிக்கு முழங்கால் வலி வந்தது. தினமும் அரை மணி நேரம் தண்ணீரில் நீந்துங்கள் என்று வைத்தியர் சொன்னார். நம் வீட்டுக் குளத்துக்கும் ஒரு வேலை வந்தது என்று ஸ்டோர்காரர் நெஞ்சை நிமிர்த்தினார். மனைவி இரண்டு நாள் இறங்கினாள். மூன்றாம் நாள் கடைசிப் படி எது, தரை எது என்று தெரியாமல் வழுக்கி, கம்பியைப் பிடித்துக்கொண்டு கரையேறினாள்.

"என் கால் எனக்கே தெரியலைங்க. எதை நம்பி இறங்கறது?"

மறுநாள் டாக்டரின் மனைவி, எங்க குளத்துக்கு வாங்கக்கா என்று அன்பாக அழைத்தாள். அன்று போன துண்டுதான். ஆறு மாதமாகப் போய்க்கொண்டிருக்கிறது. அவளுடைய முழங்கால் தேறிவிட்டது. இப்போது மாடிப்படியைக்கூட சிரமமில்லாமல் ஏறுகிறாள். கட்டின மனைவியின் கால் தேறினதில் ஸ்டோர்காரருக்குச் சந்தோஷம்தான். அந்தப் பெருமை பல் டாக்டருடைய கைராசிக்குப் போனதை மட்டும் அவரால் தாங்க முடியவில்லை. அவளுக்காக அவர் உருப்படியாகச் செய்யக்கூடிய காரியம் என்று ஒன்றே ஒன்று வாய்த்தது. அதையும் பக்கத்து வீடு தட்டிக்கொண்டு போய்விட்டது.

பால் பொங்கி அடுப்பில் வழிந்த வாசனை வந்தது. அந்த வாசனையில் நின்றபடியே ஸ்டோர்காரர் ஒரு முடிவுக்கு வந்தார். மனைவி திரும்பி வந்ததும் கூடத்தின் நடுவில் நின்று அறிவித்தார்.

"இருபது நாள் டைம் குடு. ஃபில்டர், மோட்டார், குழாய், எல்லாத்தையும் புதுசாப் போடறேன். என் கையால போடறேன். இருபத்தோராம் நாள் நீ நம்ம குளத்துல நீந்தற. இல்லேன்னா அதுல மண்ணைக் கொட்டி மூடிட்டுக் கத்தரிக்காய் போடறேன்."

மனைவி அடுப்பைத் துடைத்தாள். "கத்தரிக்காய் வேண்டாம், வெண்டைக்காய் போடுங்க," என்றாள்.

மகள் போனில் கூப்பிட்டு, ஒரு பிளம்பரை வரச் சொல்லட்டுமா என்று கெஞ்சினாள். நான் எடுத்துக் கொடுத்த சாமானை வைத்து எத்தனை பேர் வேலை கற்றுக்கொண்டார்கள் தெரியுமா என்று கேட்டுப் போனை வைத்துவிட்டார்.

முதலில் மணல். வடிகட்டித் தொட்டியின் மூடியைத் திறந்து, நாலு வருடப் பழைய மணலை ஒரு சின்ன வாளியால் அள்ளி அள்ளிக் கொட்டினார். நூற்று நாற்பத்தாறு வாளி. ஒவ்வொரு வாளிக்கும் சுவரில் ஒரு கோடு. புது மணல் மூட்டை மூட்டையாக வந்து இறங்கியது. இரண்டு நாள் இடுப்பு நிமிரவில்லை. மூன்றாம் நாள் மோட்டாரைப் போட்டுவிட்டுக் குளத்தங்கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

அன்று முழுவதும் உட்கார்ந்தார். மறுநாளும் உட்கார்ந்தார். குளம் அவரைக் கலங்கிய கண்ணோடு பார்த்தது.

மனைவி பக்கத்து வீட்டிலிருந்து தலையைத் துவட்டிக்கொண்டு வந்தாள். டாக்டர் வீட்டுத் தண்ணீர் இன்றைக்கு என்னவோ இன்னும் பளிச்சென்று இருந்ததாகச் சொன்னாள். ஸ்டோர்காரர் அது தனக்குக் கேட்கவில்லை என்பது போல் தேநீரை உறிஞ்சினார்.

மணலில் குற்றமில்லை, அப்படியானால் மோட்டாருக்குத்தான் தெம்பில்லை என்று தீர்ப்பாயிற்று. கடைக்குப் போய், பழையதைவிட இரண்டு மடங்கு வலுவுள்ள மோட்டார் ஒன்றை எண் சொல்லிக் கேட்டார். கடைக்காரர் பட்டியலைப் புரட்டி, அந்த எண்ணில் ஓர் இலக்கம் மாறியிருக்கிறதே என்றார். பட்டியல்தான் தப்பு என்றார் இவர். சரிபார்த்தால், பட்டியல்தான் தப்பு. கடைக்காரர் எழுந்து நின்று தேநீர் வரவழைத்தார். ஸ்டோர்காரருக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. இந்த மாதிரி மரியாதை கிடைத்து ஏழு வருடம் ஆகியிருந்தது.

அந்தக் குளிர்ச்சி வீடு வரைக்கும்தான் இருந்தது. மோட்டாரைப் பொருத்தும்போது இணைப்பில் போட வேண்டிய ரப்பர் வளையத்தைப் பத்திரமாகச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, வளையம் இல்லாமலே முடுக்கினார். சுவிட்சைப் போட்டதும் தண்ணீர் நாலு பக்கமும் சீறி அவரைத் தலையோடு குளிப்பாட்டியது. இரண்டாவது முறை வளையத்தைப் போட்டார். அதில் பூசிய பசை கையுறையைக் குழாயோடு ஒட்டிவிட்டது. இழுத்துப் பார்த்தார், வரவில்லை. கடைசியில் கையுறையிலிருந்து கையை மட்டும் உருவிக்கொண்டார். அந்தக் கையுறை அன்றிலிருந்து குழாயைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றது. ஆனாலும் மோட்டார் ஓடியது. அவர் பொருத்தி, அவர் முடுக்கி, ஒரு சொட்டு ஒழுகாமல் ஓடியது. ஈரத் தலையோடு அதன் முன்னால் நின்று, ஸ்டோர்காரர் அதை இரண்டு தடவை தட்டிக்கொடுத்தார். அறுபத்தைந்து வயதில் ஒரு மனிதன் தன் கையால் முதல் நட்டை முடுக்கியிருக்கிறான், சும்மாவா?

குளத்தின் வாயில் கை வைத்துப் பார்த்தார். பழையபடி விரலைத் தடவிக்கொண்டு போனது.

மனைவி அன்று முக்கால் மணி நேரம் தாமதமாக வந்தாள். முழங்காலைத் தண்ணீர் வருகிற வாயில் நீட்டி வைத்தால் ஆள் பிடித்துவிட்டது போல் சுகமாக இருக்கிறது என்றும், நாளையிலிருந்து கூடக் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வருவதாகவும் சொன்னாள். டாக்டர் எதைச் செய்தார் என்று கேட்டார் இவர். போகிற போக்கில் மோட்டார் அறைக் கதவில் ஒரு தட்டுத் தட்டினாராம்.

ஸ்டோர்காரர் அன்று இரண்டு வேளை சாப்பிடவில்லை.

மணலும் இல்லை, மோட்டாரும் இல்லை. அப்படியானால் அடைப்பு குழாயிலும் வால்விலும்தான். தொட்டி முதல் கடைசி முழங்கை மூட்டு வரை, சுவருக்கு இந்தப் பக்கம் இருக்கிற எல்லாவற்றையும் அறுத்து எறிந்துவிட்டுப் புதிதாகப் போடுவது என்று தீர்மானித்தார். சுவரைத் தாண்டி மண்ணுக்குள் போகிற குழாயை மட்டும் தொடுவதில்லை. அதுதான் வரைபடத்தில் தெளிவாக இருக்கிறதே.

அறுப்பதற்கு முன், குளத்துத் தண்ணீர் குழாய்க்குள் வராமல் அடைக்க வேண்டும். இதை அவர் முறைப்படி செய்தார். கலங்கின தண்ணீரில் இடுப்பளவு இறங்கி, மூச்சைப் பிடித்து முங்கி, தண்ணீர் உள்ளே போகிற, வெளியே வருகிற வாய்களை எல்லாம் ரப்பர் அடைப்பானால் இறுக்கி மூடினார். மேலே வந்து தண்ணீர் மட்டத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டார். பிறகு குழாயை அறுத்தார்.

தண்ணீர் வந்தது. கொஞ்சநஞ்சமல்ல, கையளவு கனத்தில் வந்தது. குழாயில் தங்கின தண்ணீர், ஐந்து நிமிடத்தில் வடிந்துவிடும் என்று உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்தார். அரை மணி நேரம் ஆயிற்று. குரல் கொடுத்து மனைவியை வரவழைத்தார். அவள் கையை வைத்து அழுத்திக்கொள்ள, இவர் ஓடிப்போய் மறுபடி முங்கி அடைப்பான்களைத் தடவிப் பார்த்தார். கல் மாதிரி இருந்தன. கோட்டைப் பார்த்தார். தண்ணீர் ஒரு நூல்கூட இறங்கவில்லை. குளம் இறங்கவில்லை, குழாயில் தண்ணீர் நிற்கவில்லை. இதற்கு விளக்கம் தேட நேரமில்லை. மனைவியின் சேலை முழங்கால் வரை நனைந்துவிட்டது.

"இவ்வளவு தண்ணி எங்கேருந்துங்க வருது?"

"லைன்ல தங்கினது."

"ஒரு மணி நேரமாவா?"

"பழைய லைன். தங்கியிருக்கும்."

கடைசியில் ஒரு மூடியைக் கண்டுபிடித்து, பசை தடவி, இரண்டு பேரும் சேர்ந்து அழுத்தி மூடினார்கள். அதற்குள் மோட்டார் அறையில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. அவருடைய நோட்டு அதில் மிதந்தது. நாலு வருட வெள்ளிக்கிழமைகளும் அழிந்துபோயின.

நோட்டைக் கொடியில் காயப்போட்டுக்கொண்டிருந்தபோது மதிலுக்கு அந்தப் பக்கம் டாக்டரின் தலை தெரிந்தது. முகத்தில் கைராசிக் களை இல்லை.

"சார், எங்க குளத்துல தண்ணி ஒரு சாண் இறங்கிருச்சு. மோட்டார் வேற விசில் அடிக்குது. நீங்க கொஞ்சம் வந்து பார்க்க முடியுமா?"

ஸ்டோர்காரர் ஈர வேட்டியை மாற்றிக்கொண்டு, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு போனார். அந்த வீட்டுக்குள் நுழையும்போது அவருடைய நடையே வேறாக இருந்தது. குளத்தை ஒரு சுற்றுச் சுற்றினார். குனிந்து சுவரில் பதித்த ஓடுகளைத் தட்டிப் பார்த்தார். டாக்டர் பல்லைத் தட்டிப் பார்ப்பது போலவே தட்டினார். டாக்டரும் அவருடைய மனைவியும் கையைக் கட்டிக்கொண்டு பின்னால் வந்தார்கள்.

"விரிசல் விட்டிருக்கு," என்றார். "தண்ணி கீழ போகுது. காத்து உள்ள ஏறுது, அதான் விசில். முதல்ல மோட்டாரை நிறுத்துங்க. நான் சொல்ற வரைக்கும் போடாதீங்க."

டாக்டர் அந்த நிமிடமே மோட்டாரை நிறுத்தினார். நீங்கள் மட்டும் பக்கத்தில் இல்லாவிட்டால் என்ன ஆகியிருப்போம் என்று அவருடைய மனைவி சொன்னாள். ஓடு பதிக்கிறவர் ஒருவர் வந்து மறுநாள் முழுவதும் விரிசலைத் தேடினார், கிடைக்கவில்லை. கண்ணுக்குத் தெரியாத விரிசல்தான் ஆபத்தானது என்று ஸ்டோர்காரர் விளக்கினார். அடுத்த நாலைந்து நாளில் டாக்டர் வீட்டுத் தண்ணீர் முதல் தடவையாகக் கலங்கத் தொடங்கியது. மனைவியின் துண்டு வீட்டிலேயே கொடியில் தொங்கியது. அவளுக்கு முழங்கால் மறுபடி முனகத் தொடங்கிவிட்டது என்பதால் ஸ்டோர்காரர் வெளிப்படையாகச் சந்தோஷப்படவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு மோட்டார் அறையில் சந்தோஷப்பட்டார்.

அங்கே வேலை மும்முரமாக நடந்தது. புதுத் தொட்டி, புது வால்வுகள், வெள்ளை வெளேரென்று புதுக் குழாய்கள். ஒவ்வொன்றையும் இரண்டு தடவை அளந்து, ஒரு தடவை அறுத்து, அளவு தப்பி, மறுபடி அளந்து போட்டார். உள்ளே வருகிற தண்ணீருக்குப் பச்சை அம்பு, வெளியே போகிற தண்ணீருக்குச் சிவப்பு அம்பு. எல்லா வால்விலும் கிடங்கில் தொங்கினது போலவே தகரச் சீட்டில் எண். பதினெட்டாம் நாள் சாயங்காலம் கடைசி மூட்டில் பசை காய்ந்தது. குளத்தில் முங்கி அடைப்பான்களை எடுத்தார். அந்த அறையைப் பார்த்தால் யாரும் ஸ்டோர்காரர் முதல் தடவையாகக் குழாய் போட்டிருக்கிறார் என்று சொல்ல மாட்டார்கள். மனைவிகூட வாசலில் நின்று வெகுநேரம் பார்த்தாள். "அழகா இருக்குங்க," என்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவர் செய்த எந்தக் காரியத்தையும் அவள் அப்படிச் சொன்னதில்லை. ஸ்டோர்காரர் அந்த ஒரு வார்த்தையை உள்ளே வைத்துப் பூட்டிக்கொண்டார்.

பத்தொன்பதாம் நாள் காலை திறப்புவிழா. டாக்டர், அவருடைய மனைவி, எதிர்வீட்டுத் தையற்கார அம்மாள் எல்லோரும் குளத்தங்கரையில் வரிசையாக நின்றார்கள். மனைவி ஒரு தட்டில் பிஸ்கட் வைத்துக்கொண்டு நின்றாள். ஸ்டோர்காரர் நாலு வார்த்தை பேசிவிட்டு சுவிட்சைப் போட்டார். மோட்டார் கணீரென்று எடுத்தது. ஒரு மூட்டிலும் ஒழுகவில்லை. மீட்டர் முள் அழகாக எழுந்து நின்றது.

குளத்தில் ஒரு குமிழிகூட வரவில்லை.

முன்னாலாவது விரலைத் தடவிக்கொண்டு போன தண்ணீர், இப்போது சுத்தமாக நின்றுவிட்டது. கொஞ்ச நேரத்தில் வரும் என்றார். எல்லோரும் பிஸ்கட்டைச் சாப்பிட்டு முடித்தார்கள். தையற்கார அம்மாள்தான் முதலில் கவனித்தாள். "தண்ணி பச்சையா இருக்கணுமாங்க?" என்று கேட்டாள். அவள் தெரியாமல்தான் கேட்டாள்.

மறுநாள் அது நன்றாகவே பச்சையாகிவிட்டது. ஒரு தவளை வந்து படியில் உட்கார்ந்துகொண்டு, வாங்கின வீடு மாதிரி சுற்றிப் பார்த்தது. மதிலுக்கு மேல் டாக்டரின் தலை தெரிந்தது. அதில் பல் எல்லாம் திரும்பி வந்திருந்தது.

"சார், நீங்க சொன்னது நூத்துக்கு நூறு. மோட்டாரை நிறுத்தினேன், தண்ணி இறங்கறது நின்னுருச்சு. இப்போ பாருங்க, மோட்டாரே ஓடலை, தண்ணி முன்னைவிடத் தெளிஞ்சிருச்சு. எனக்கு மோட்டாரே தேவையில்லை போலிருக்கு."

மனைவி கொடியிலிருந்து துண்டை எடுத்தாள். அவள் ஏதாவது சொல்லியிருந்தால் தேவலை என்று ஸ்டோர்காரருக்கு இருந்தது. தோட்டத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். வெள்ளைக் குழாய்களும் அம்புகளும் எண் போட்ட தகரச் சீட்டுகளும் உள்ளே பளபளத்துக்கொண்டிருந்தன. இந்த முப்பத்து மூன்று வருடமும் தனக்கு எடுத்துக் கொடுக்க மட்டும்தான் தெரிந்திருக்கிறது என்று நினைத்தபோது அவருக்கு அழுகை வந்தது. தவளை பார்த்துக்கொண்டிருந்ததால் அடக்கிக்கொண்டார்.

இருபத்தோராம் நாள் காலையில் மண்வெட்டுகிறவர் வந்தார். ஸ்டோர்காரர் வாக்குத் தவறாதவர். மண்ணுக்குள் போகிற குழாயையும் கடைசியாக ஒரு தடவை தோண்டிப் பார்ப்பது, அதிலும் ஒன்றும் இல்லையென்றால் அதே ஆளை வைத்து அதே மண்ணைக் குளத்தில் தள்ளிவிடுவது என்று முடிவு செய்திருந்தார். வெண்டை விதைப் பொட்டலத்தை முதல் நாளே வாங்கி வைத்துவிட்டார்.

மண்வெட்டுகிறவர் கறுத்து மெலிந்த, பேச்சுக் குறைந்த மனிதர். இந்த இரண்டு வீட்டுக்கும் அஸ்திவாரம் தோண்டினது தாம்தான் என்றும், இந்த மண் தமக்குத் தெரிந்த மண்தான் என்றும் சொல்லிவிட்டு, மதிலோரம் மோட்டார் அறையை ஒட்டித் தோண்ட ஆரம்பித்தார். மணி ஆறே முக்கால். மனைவி அப்போதுதான் துண்டோடு கேட்டைத் தாண்டிப் போனாள்.

யாரிடமாவது சொன்னால் தேவலை என்று ஸ்டோர்காரர் குழிக்கு மேல் குந்தியிருந்து எல்லாவற்றையும் சொன்னார். வெள்ளிக்கிழமைகள், நூற்று நாற்பத்தாறு வாளி, பசையில் ஒட்டின கையுறை, திறப்புவிழா, தவளை.

"அதெல்லாம் போகட்டும்," என்றார். "அவளுக்குக் கால் வலி. நான் ஒண்ணும் பெரிசா செஞ்சதில்லை அவளுக்கு. இது ஒண்ணாவது செய்யலாம்னு பார்த்தேன். அவ அடுத்தவங்க தண்ணியில நீந்தித்தான் கால் சரியாகணும்னு இருக்கு."

மண்வெட்டுகிறவர் தோண்டிக்கொண்டே இருந்தார். இடுப்பளவு ஆழம் வந்ததும் மண்வெட்டியை வைத்துவிட்டுக் கையால் மண்ணை விலக்கினார். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு மோட்டாரை ஒரு தடவை நிறுத்தச் சொன்னார்.

ஸ்டோர்காரர் போய் நிறுத்தினார்.

மதிலுக்கு அந்தப் பக்கம் மனைவியின் குரல் கேட்டது. "அடடா, தண்ணி நின்னு போச்சே."

"போடுங்க," என்றார் மண்வெட்டுகிறவர், குழிக்குள் கையை ஊன்றியபடி.

போட்டார்.

"வந்துருச்சு, வந்துருச்சு," என்றது மதிலுக்கு அந்தப் பக்கத்துக் குரல். "இப்பத்தான் காலுக்கு இதமா இருக்கு."

ஸ்டோர்காரர் மோட்டார் அறை வாசலில் அப்படியே நின்றார். ஏதோ ஒன்று புரிகிற மாதிரியும் புரியாத மாதிரியும் இருந்தது. மண்வெட்டுகிறவர் இன்னும் இரண்டு தடவை நிறுத்தச் சொன்னார், இரண்டு தடவை போடச் சொன்னார். இரண்டு தடவையும் மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு வருத்தமும் ஒரு சந்தோஷமும் கேட்டன. பிறகு அவர் குழியிலிருந்து ஏறி, கையைத் தட்டிவிட்டு, தலைப்பாகையை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். தப்புச் செய்தவர் போல் கொஞ்சம் கூச்சத்தோடு ஸ்டோர்காரரைப் பார்த்தார்.

"அன்னைக்குப் படத்தைத் தலைகீழாப் பிடிச்சுக்கிட்டு ரெண்டு வீட்டுக் குழாயையும் மாத்திப் பதிச்சவங்கள்ல நானும் ஒருத்தன்யா. மண்ணைக் கொட்டிடாதீங்க, அம்மா ஒரு நாளும் அடுத்தவங்க தண்ணியில நீந்தலை, ஆறு மாசமா அவங்க நீந்தறது நீங்க சுத்தம் பண்ணின தண்ணியிலதான்."